பதினொரு வீடும் ஒரு வாய்க்காலும்

என் அறையிலிருந்த ஆப்கானியரின் ஊர் இல்லை என்று ஜெர்மன்காரர் எழுதியிருந்தார்கள். கடிதம் வந்தபோது நான் ஹைம் என்ற விடுதியின் பொதுச் சமையலறையில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கையில் பிடித்தபடியே மூன்று தரம் வாசித்தேன். நீங்கள் சொன்ன கிராமம் எங்களிடமுள்ள எந்த வரைபடத்திலும் பட்டியலிலும் காணப்படவில்லை. அது எங்கே இருக்கிறது, எத்தனை பேர் வசிக்கிறார்கள், எந்த நிர்வாகத்தின் கீழ் வருகிறது என்று நாலு கிழமைக்குள் எழுத்தில் தரவேண்டும். அதன் பிறகு இரண்டாவது விசாரணை. வெங்காயம் கருகி மணம் எழும்பின பிறகுதான் அடுப்பை நிறுத்தினேன்.

ஆளை இல்லையென்று சொல்லலாம், காணியை இல்லையென்று சொல்லலாம். ஒரு ஊரை இல்லையென்று எப்படிச் சொல்லுவது? எனக்கு அது தாங்கவில்லை, ஏனென்றால் நான் ஒரு விதானை. அரசாங்கம் வைத்த பெயர் கிராம சேவகர். ஊர்ச்சனம் பழைய வழக்கத்தில் விதானையார் என்றுதான் கூப்பிடும். யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் அந்த உத்தியோகம் பார்த்தேன். ஆர் பிறந்தது, ஆர் செத்தது, ஆர் எந்த வீட்டில் படுத்து எழும்புகிறார் என்பதெல்லாம் என் இடாப்பில் இருந்தது. கடைசியில் அந்த இடாப்பைத்தான் ஆமியும் கேட்டது, இயக்கப் பெடியங்களும் கேட்டார்கள். இரண்டு பகுதிக்கும் கொடுக்காமல் தப்பியோடி, எண்பத்தைந்தாம் ஆண்டு கெல்சென்கிர்ச்சனுக்குப் பக்கத்தில் அகதிகளை வைத்திருந்த அந்த ஹைமுக்கு வந்து சேர்ந்தேன்.

ஒரு அறைக்கு மூன்று பேர். நான், வடமராட்சியில் பேக்கரி வைத்திருந்த ஒருவர், மூன்றாவது ஆள் பார்சி பேசுகிற அந்த ஆப்கானியர். எங்கள் இருவருக்கும் நடுவில் அவரை ஏன் போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும் என்னைப்போல நாற்பத்தைந்து வயதிருக்கும். ஊரில் அவருடைய வேலை மீராப். வாய்க்கால் தண்ணீரை வீட்டுக்கு வீடு முறை வைத்துத் திறந்துவிடுகிறவரை அங்கே அப்படித்தான் சொல்லுவார்களாம். நாங்களும் மீராப் என்றே கூப்பிட்டோம். அவர் என்னை விதானை என்று கூப்பிட்டார். பேக்கரிக்காரர் எங்கள் அறைக்குக் கச்சேரி, அதாவது அரசாங்க அலுவலகம், என்று பெயர் வைத்தார்.

எங்களுக்கிடையில் ஓடியது ஜெர்மன்தான், ஒரு வாத்தியாரும் காதுகொடுத்துக் கேட்கமுடியாத ஜெர்மன். வினைச்சொல் முறிந்தாலும் விரல் உதவிக்கு வரும். ஒன்றரை வருடத்தில் எங்களுக்கு விளங்காதது அதிகமில்லை என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னவற்றை இங்கே என் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன். எனக்குள் அவை அப்படித்தான் கேட்டன.

அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கடிதத்தை நான் விளங்கப்படுத்தியபோது அவர் சிரித்தார்.

"ஊர் இல்லையோ? அப்ப நான் எங்கையிருந்து வந்தனான்?"

"அதைத்தான் அவங்களும் கேக்கிறாங்கள். நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதையும். இது என்ரை வேலை. நான் எழுதித் தாறன்."

அவ்வளவு பெருமையாகச் சொன்னேன். நாடு விட்டு வந்து, பாத்திரம் கழுவும் வேலைக்குக்கூட அனுமதி இல்லாமல் கட்டிலில் குந்தியிருந்த ஒருவனுக்கு உத்தியோகம் திரும்பக் கிடைத்தமாதிரி. அடுத்த நாளே கோடு போட்ட பெரிய கொப்பி ஒன்று வாங்கினேன். அடிமட்டம் வைத்து நிரல் பிரித்தேன். வீட்டு இலக்கம், குடும்பத் தலைவர், அங்கத்தவர், உறவு, வயது, குறிப்பு. பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "முத்திரை ஒட்ட இடம் விடேல்லையோ, அண்ணை?" என்று பகிடி விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை மேசையில் குந்தினோம். முதல் நிரலிலேயே சிக்கல் வந்தது.

"வீட்டு இலக்கம் என்ன?"

"இலக்கம் இல்லை. தண்ணி வாற நேரம்தான்."

அவர்களுடைய ஊரில் பதினொரு வீடு. வெள்ளிக்கிழமை தவிர மற்ற ஆறு நாளும் காலையில் ஒரு முறை, மத்தியானத்துக்குப் பிறகு ஒரு முறை. மொத்தம் பன்னிரண்டு. பதினொன்று வீடுகளுக்கு, பன்னிரண்டாவது பள்ளிவாசல் தோட்டத்துக்கு. ஆகவே ஒருவர் திங்கள் காலை வீட்டுக்காரர், இன்னொருவர் செவ்வாய்ப் பின்நேர வீட்டுக்காரர். கல்யாணம் பேசுவதும் அதை வைத்துத்தான், காணி எல்லைச் சண்டை தீர்ப்பதும் அதை வைத்துத்தான். மீராப் வாய்க்கால் வாசலில் நின்று குடும்பத் தலைவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். மண்வெட்டியோடு அந்த வீட்டு ஆள் வருவார். எழுத்து இல்லை, கந்தோர் இல்லை, முத்திரை இல்லை.

"அரசாங்கத்தோடை ஆர் கதைக்கிறது?"

பக்கத்துப் பெரிய ஊரில் அர்பாப் என்று ஒரு பெரியவர் இருந்தாராம். அரசாங்கத்துக்கு முகம் கொடுப்பது அவர் வேலை. பதினொரு வீட்டுக்குத் தனியாக ஒரு அர்பாப் எதற்கு என்று இவர்களும் அவரோடேயே ஒட்டிக்கொண்டார்கள். ஆள் எண்ண வந்தவர்கள் பெரிய ஊரில் தேநீர் குடித்துவிட்டு, இந்தச் சனத்தையும் அந்த ஊர்க் கணக்கில் சேர்த்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றரை நாள் கழுதையில் போகப் பஞ்சிப்பட்டு ஒரு ஊரையே விழுங்கிவிட்ட அந்த உத்தியோகத்தன் என் கையில் கிடைத்திருந்தால்!

தண்ணீர் போகிற வழியே அவர் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. பார்சி எழுத எனக்கு வராது, ஆங்கில எழுத்தில் அந்த ஒலிகள் பிடிபடவில்லை. ஆகவே தமிழில் எழுதினேன். எழுபத்து நாலு பேர். ஒரு ஆப்கான் மலையூரின் முதல் இடாப்பு, தமிழ் எழுத்தில், ஜெர்மன் கொப்பியில். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வயது நிரலை நிரப்ப முதல் வீட்டுக்குத் திரும்பினேன்.

"திங்கள் காலை வீட்டுத் தலைவருக்கு இப்ப என்ன வயது?"

அவர் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். "இப்ப வயது இல்லை."

"செத்துப்போனாரோ?"

தலையை ஆட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்லுகிறேன், துக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்தவரை இடாப்பில் வைத்திருப்பதா! இருபது வருடமாக நான் மல்லுக்கட்டியது இதோடுதானே. செத்த தகப்பனின் பெயரில் அரிசிக் கூப்பன் எடுத்தவர்களை எத்தனை பேரைப் பிடித்திருப்பேன். என் அம்மா செத்தபோது எட்டாம் நாள் எட்டுச் செலவு முடியமுன்னமே அவவின் கூப்பனை நானே கொண்டுபோய் ஒப்படைத்தேன். அக்கா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அப்படிப்பட்ட என்னிடம் இவர் செத்தவர்களையும் சேர்த்து எழுபத்து நாலு என்கிறார்.

"இது சரிவராது, மீராப். இருக்கிறவையை மட்டும்தான் எழுத வேணும். செத்தவையை நான் வெட்டுறன். ஒவ்வொருத்தராச் சொல்லும்."

"எனக்குச் சொல்ல ஏலாது."

"ஏன் ஏலாது?"

அவர் என்னவோ சொல்ல முயன்றார். வாய்க்கால், வாசல், வீட்டு ஆள், வருதல் என்று நாலைந்து சொற்களைத் தேடியெடுத்து அடுக்கினார். கைகளால் ஒரு கதவைத் தட்டிக் காட்டினார். பொறுமையாகக் கேட்டிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். எனக்கு நிரல்தான் கண்ணில் நின்றது.

"நீர் வாயாலை சொல்ல வேண்டாம். நான் பேரை வாசிக்கிறன். செத்திருந்தால் தலையை ஆட்டும், போதும்."

சிவப்புப் பேனையை எடுத்தேன்.

முதல் வீட்டில் தலைவர். அவருடைய மனைவி. மகன். மருமகள். நாலு பேரக்குழந்தைகள். நான் வாசிக்க வாசிக்க அவர் தலை ஆடியது. கிழவர் மட்டும் செத்த வீடு என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த வீட்டில் ஆறில் ஐந்து. அதற்கடுத்த வீடு முழுக்க. பேனை ஓடிக்கொண்டேயிருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏதோ நடந்திருக்கிறது என்று மூன்றாவது வீட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கோடு நேராக விழவேண்டுமென்று அடிமட்டம் வைத்து வெட்டினேன். அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணை, காணும். விடுங்கோ."

"குறையிலை விட ஏலாது" என்றேன்.

வியாழன் காலை வீடு மீராப்பின் சொந்த வீடு. முதல் பெயர் அவருடையது. இரண்டாவது அவருடைய மனைவி. வாய் பழக்கத்தில் அந்தப் பெயரை வாசித்தது. அவர் தலை ஆடவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகா, இது தப்பியது என்று எனக்கு உயிர் வந்தது. அப்போதுதான் அவர் தலை மெல்ல அசைந்தது. மூன்றாவது பெயர் மூத்த மகள். நான் அதை வாசிக்கவில்லை. அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, நான் வாசிக்காமலேயே இரண்டு தரம் தலையை ஆட்டினார்.

மேசை, கொப்பி, அடுப்பு எல்லாம் என் கண் முன்னால் தூரப் போனமாதிரி இருந்தது. ஒன்றரை வருடம் ஒரே அறையில் படுத்தோம். என்ரை மூத்தவள் கோபக்காரி என்பார். சின்னவள் பால் குடிக்கமாட்டாள் என்பார். குடிக்கமாட்டாள் என்றுதான் சொன்னார், குடிக்காமல் இருந்தாள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஹைமில் பெண்சாதி பிள்ளை உள்ள எல்லோரும் அவர்களை எப்போது கூப்பிடலாம், எந்த அன்ட்ராக் படிவம் நிரப்பவேண்டும் என்று என்னைப் பிய்த்துத் தின்றார்கள். இவர் ஒருவர்தான் ஒருநாளும் கேட்கவில்லை. பொறுமைசாலி என்று நான் மற்றவர்களுக்கு இவரை உதாரணம் காட்டியிருக்கிறேன். அதை நினைக்க இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஒருநாள் வாய்க்கால் தலைப்பில் கரை உடைத்துக்கொண்டது என்று இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு விடியவே மேலே ஏறிப் போனாராம். விமானங்கள் காலையில் வந்து குண்டு போட்டன. பின்நேரம் இறங்கி வந்தபோது வாய்க்காலில் தண்ணீர் நல்லாய் ஓடிக்கொண்டிருந்ததாம். இவ்வளவையும் அவர் ஆறு சொல்லில் சொன்னார். எழுபத்து நாலில் மிச்சம் ஒன்பது. அதில் அவரும் ஒருவர். மற்ற எட்டுப் பேரும் எல்லைக்கு அப்பால் முகாம்களில். ஊரில் ஒருவரும் இல்லை.

அந்தக் கிழமை நான் சுத்தப் பிரதி எழுதினேன். எங்கே இருக்கிறது, எந்தப் பெரிய ஊரோடு சேர்ந்தது, முன்பு எத்தனை பேர், இப்போது எத்தனை பேர். ஒன்பது பெயர்களை ஆங்கில எழுத்தில் கொண்டுவந்தேன். மற்ற அறுபத்தைந்து பேரும் ஒரே வரியில் அடங்கினார்கள். உண்மை எழுதினால் உதவும் என்று மனதாரத்தான் நம்பினேன். அவர் ஒன்றும் கேட்காமல் பெருவிரல் அடையாளம் வைத்தார்.

விசாரணைக்கு என்னையும் துணைக்கு இருக்க விட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி அம்மா, தடிமன் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். பார்சியில் மொழிபெயர்க்க ஈரானிலிருந்து வந்த ஒரு பெண். அந்த அம்மா இரண்டு தாள்களை எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்தார். ஒன்று நான் எழுதியது. மற்றது முதலாவது விசாரணையில் மீராப் சொன்னது. முதலாவதில் மீராப் சொல்லியிருந்தார்: ஊரில் எழுபத்து நாலு பேர் இருக்கிறார்கள். மனைவியும் இரண்டு பெண்களும் அங்கேதான்.

முன்னைய கோப்பைப் பார்க்காமல் பின்னைய கோப்பை எழுதக்கூடாது என்பது உத்தியோகத்தின் அரிச்சுவடி. கச்சேரியில் சேர்ந்த முதல் நாள் சொல்லித் தருவது. இருபது வருடத்தில் விடாத பிழையை ஒரு மனிதனின் உயிர் தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் விட்டிருந்தேன்.

"எது உண்மை?" என்று அந்த அம்மா கேட்டார். குரலில் கடுமை இல்லை. "உங்கள் மனைவி உயிரோடு இருக்கிறாரா?"

மீராப் பார்சியில் சொன்னார். அந்தப் பெண் மொழிபெயர்த்தாள்: "ஒருவரும் வந்து சொல்லவில்லை."

"அப்படியென்றால் இந்தப் பட்டியல்?"

"அது என்னுடையது இல்லை. விதானை எழுதியது."

பிறகு அவர் நீளமாகப் பேசினார். சமையலறையில் ஜெர்மன் கிடைக்காமல் கதவு தட்டிக் காட்டியதைத்தான் இப்போது சொந்த மொழியில் சொன்னார். அவர்கள் ஊரில் ஒரு பெயரை நிறுத்துகிற அதிகாரம் மீராப்புக்கு இல்லை. செத்தவரின் வீட்டிலிருந்து ஒரு ஆள் வாய்க்கால் வாசலுக்கு வந்து, இன்னார் போய்விட்டார், இனிக் கூப்பிடவேண்டாம் என்று சொல்லவேண்டும். அதுவரை மீராப் அந்தப் பெயரைக் கூப்பிட்டே ஆகவேண்டும், தன் கையாலேயே புதைத்திருந்தாலும். அன்றைக்குப் பின்நேரம் அவரிடம் வந்து சொல்ல வீடுகளில் ஒருவரும் இருக்கவில்லை. மீந்தவர்களும் சொல்லாமலே எல்லை கடந்தார்கள். ஆகவே எழுபத்து நாலு. முதல் விசாரணையில் அவர் பொய் சொல்லவில்லை.

மொழிபெயர்த்த பெண்ணின் குரல் கடைசி வசனத்தில் உடைந்தது. அந்த அம்மா மூக்கைத் துடைத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"இவர்கள் இறந்துவிட்டார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?"

"அவர் தலையாட்டினார்."

"நீங்கள் கண்டீர்களா?"

"இல்லை."

"நான் ஏதாவது ஒன்றை எழுதவேண்டும். இறந்துவிட்டார்களா, இருக்கிறார்களா?"

மீராப் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று அந்தப் பார்வை சொன்னது, எனக்கு நன்றாக விளங்கியது. சொல்லாவிட்டால் இரண்டு தாளும் ஒன்றையொன்று பொய்யாக்கி இவரைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதும் விளங்கியது.

"இறந்துவிட்டார்கள்," என்றேன். "அறுபத்தைந்து பேரும்."

அந்த அம்மா எழுதினார். மீராப் கதிரையில் பின்னுக்குச் சாய்ந்து, அடி வாங்கிய ஆளைப்போல, வாயைத் திறந்து மூச்சு விட்டார்.

ஐந்து மாதம் கழித்து அவருடைய மனு ஏற்கப்பட்டது. ஹைமே கொண்டாடியது, பேக்கரிக்காரர் கேக் அடித்தார். அந்த ஐந்து மாதமும் மீராப் என்னோடு உப்பு எங்கே, கதவைச் சாத்து என்பதற்கு மேல் கதைக்கவில்லை. ஆனால் நகரசபைக் கந்தோரில் பயணப் பத்திரம் எடுக்க நாள் குறித்து டெர்மின் கிடைத்தபோது, விதானை, நீரும் வாரும் என்றார். மேசையிலிருந்த இளைஞன் விவரங்களை உரத்து வாசித்தான். பெயர். பிறந்த இடம், ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அந்த ஊர். குடும்ப நிலை: மனைவியை இழந்தவர். பிள்ளைகள்: இல்லை.

அவ்வளவு ஜெர்மன் அவருக்கு அப்போது தெரியும். இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"இது நீர் சொன்னதோ?"

"ஓம். நான்தான் சொன்னது."

பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். பத்திரத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். வெளியே நடையில், ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போக, நடுவில் நின்றார். அந்த வழக்கத்தின் மிச்சப் பாதியை அங்கே வைத்துத்தான் எனக்குச் சொன்னார்.

"எங்கடை ஊரிலை வாசலுக்கு வந்து சாவைச் சொல்லுறவர் அந்த வீட்டு ஆள். செத்தவரின்ரை பங்கு வாய்க்காலை அந்த வருசம் அவர்தான் துப்பரவாக்க வேணும். சேறு அள்ளி, கரை கட்டி, தண்ணி போக விட வேணும். அறுபத்தைந்து பேருக்கு நீர் வந்து சொன்னீர். வாய்க்கால் கிட்டத்தட்ட முழுக்க உம்மடை."

சிரிப்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிக்கவில்லை. விசாரணைக்குப் பிறகு முதல் தரமாக என் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒருநாளும் மண்வெட்டி பிடிச்சதில்லை, மீராப்."

"பழகும்," என்றார்.